விண்டோஸ் கேம், லினக்ஸ் லேப்டாப்

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலரின் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் பையில்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டைப் அடிக்க, பாடம் படிக்க பாஸ் போதும். கேம் ஆட வேண்டுமென்றால் விண்டோஸுக்குத்தான் போக வேண்டும்.

லினக்ஸில் ஆட அன்றும் ஒரு வழி இருந்தது: ஒயின். 1993-இல் தொடங்கிய அந்த மென்பொருளின் 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. அதன் வேலை திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பையர் இங்கிலீஷில் அனுப்பும் மெயிலை மெர்ச்சண்டைசர் படித்து, கட்டிங் மாஸ்டரிடமும் டெய்லரிடமும் தமிழில் சொல்லி வேலை வாங்குகிறார் அல்லவா? அப்படித்தான், கேம் விண்டோஸிடம் கேட்பதை ஒயின் வாங்கி, லினக்ஸிடம் சொல்லி முடித்துக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் டிஎல்எல் கோப்பு தேட வேண்டும், டெர்மினலில் கட்டளை அடிக்க வேண்டும். படம் வந்தால் சத்தம் வராது. பாதிப் பேர் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இன்று அந்தப் பாடு இல்லை. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், ஒயினை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானைத் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே சேர்த்தது. அதிலுள்ள டிஎக்ஸ்விகே, விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. 2022-இல் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற வால்வின் கையடக்க கேம் கருவி விற்பனைக்கு வந்தது. இப்போது ஏராளமான கேம்களுக்கு இன்ஸ்டால், பிளே என்ற இரண்டு பொத்தான்களே போதும்.

சில ஆன்லைன் கேம்களின் கதவு மட்டும் இன்னும் பூட்டியிருக்கிறது. வாலரண்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் உட்காருவது; லினக்ஸில் அது ஓடாது. ஃபோர்ட்நைட் கேமின் கதை வேறு. அதை வெளியிடும் எபிக் நிறுவனத்தின் சொந்த ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளே லினக்ஸில் இயங்கும். ஆனாலும் லினக்ஸில் ஆட அனுமதி இல்லை. இங்கே தடையாக நிற்பது தொழில்நுட்பம் அல்ல, நிறுவனத்தின் முடிவு.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதன் கிராபிக்ஸில் வல்கன் இயங்குமா என்று பாருங்கள். இயங்கினால் லினக்ஸ் போடுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த 2 மணி நேரம் தாராளம்.