கட்டி வைக்கும் பணம்

வரவு செலவுக்குப் போதாத நிலையைத் தமிழில் ‘துண்டு விழுதல்’ என்பர். சட்டமன்றத்தில் வைக்கப்படும் நிதிநிலை அறிக்கையைப் பற்றி எழுதும் நாளிதழும், இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் மளிகைக் கடையில் கடன் சொல்லும் குடும்பத்தலைவியும் இதே சொல்லையே கையாள்கின்றனர். ஆயினும் துண்டு விழுவதில் இரு வகை உண்டு. உழைப்புக்குரிய கூலி உண்மையிலேயே வயிற்றுக்குப் போதாமல் விழும் துண்டை எந்தக் கணக்கு நோட்டாலும் அடைக்க இயலாது. அத்தகைய குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் போதிப்பது பொருளற்றது மட்டுமன்று, கொடியதும்கூட. ஆண்டு முழுவதற்குமாகக் கூட்டிப் பார்த்தால் வரவு போதுமானதாக இருந்தும், பணம் வரும் நாளும் செலவு வரும் நாளும் பொருந்தாமையால் விழும் துண்டு வேறு. திட்டமிடுதலும் சேமிப்பும் சரிசெய்யக்கூடியது இந்த இரண்டாம் வகையையே.

வரவின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடுவதால், மாதச் சம்பளக்காரருக்கு வகுத்த வரவு செலவுத் திட்டம் வாரக் கூலி பெறுபவருக்குப் பொருந்துவதில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஆண்டில் 52 சம்பளம் கிடைக்கிறது. ஆனால் வீட்டு வாடகை, பால் கணக்கு, கேபிள் கட்டணம் ஆகியவை பன்னிரண்டு முறையே வருகின்றன. மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை என்று வைத்துக் குடும்பச் செலவை வகுத்துக்கொண்டால் 48 வாரச் சம்பளத்தில் ஆண்டுச் செலவு முடிந்து, ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் ஒன்று வீதம் நான்கு வாரச் சம்பளம் தனியே நிற்கும். ஏறத்தாழ ஒரு மாத வருமானத்துக்குச் சமமான இத்தொகை, ஐந்தாம் சனிக்கிழமை எது என்பதை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைக்காத வீடுகளில் சுவடின்றிக் கரைந்துவிடுகிறது.

மாதச் சம்பளக்காரரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அவருக்கு வரவு சீராக வருகிறது. செலவுதான் சீரின்றி வருகிறது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளித் துணி, முகூர்த்த மாதங்களில் மொய்யும் சீரும் என்று வரும் இச்செலவுகள் எதிர்பாராதவை அல்ல. ஆண்டுதோறும் அதே பருவத்தில் வருபவற்றை எதிர்பாராத செலவு என்று பெயரிட்டுக் கடன் வாங்குவதே பெரும்பாலான வீடுகளில் முதல் ஓட்டை. பள்ளிக் கட்டணம் 24,000 ரூபாய், தீபாவளிக்கு 12,000, மொய்க்கும் சீருக்கும் 12,000 என்று கொண்டால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 4,000 ரூபாய். ஆகவே 25,000 ரூபாய் சம்பளம் பெறும் குடும்பம் தன் மாத வருமானம் 21,000 என்று எண்ணிக்கொள்வதே சரியான கணக்கு.

செலவைக் குறைப்பது பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளுள் பெரும்பாலானவை அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும் மின்கட்டணத்தைப் பற்றி ஒன்று குறிப்பிடத் தகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக உயர்வதோடு, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் நீங்கிவிடும். எனவே 495 யூனிட்டில் நின்ற வீட்டுக்கும் 505 யூனிட்டைத் தொட்ட வீட்டுக்கும் இடையிலான வேறுபாடு பத்து யூனிட்டின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு மிகும். கணக்கெடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாக மீட்டரைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

செலவு போக மீதியைச் சேமிப்பது என்ற கொள்கை ஏட்டளவில் அழகானது. நடைமுறையில் மீதி என்பது நிற்பதில்லை. இதைத் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தன என்பதற்கு ஒரு வினைச்சொல்லே சான்றாகிறது. சீட்டைப் போடுவதாகவும் சொல்வதுண்டு எனினும், தவணை தவறாமல் செலுத்துவதைச் ‘சீட்டுக் கட்டுதல்’ என்றே சொல்கின்றனர். வைப்புத் தொகை, காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாமே ‘கட்டப்படுபவை’. செலுத்துதல் என்னும் பொருளில் வழங்கும் இச்சொல் பிணித்தல் என்னும் பொருளையும் உடையது. கைக்கு எட்டாதபடி பணத்தைப் பிணித்து வைத்தாலன்றி அது தங்காது என்பதே மக்கள் கையாண்ட சேமிப்பு முறைகள் அனைத்துக்கும் அடிப்படை. அந்தக் கட்டு எதனால் ஆனது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பவற்றில்தான் முறைக்கு முறை வேறுபாடு.

அவற்றுள் பழையது சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கிடைக்கும் பணத்தில் பெண்கள் சிறிது சிறிதாக ஒதுக்கி, அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் புடவை மடிப்பிலும் வைத்துச் சேர்க்கும் பணத்துக்குச் சிறுவாட்டுப் பணம் என்று பெயர். இதைப் பிணித்து வைத்த கயிறு இரகசியம். பணம் இருப்பது பிறருக்குத் தெரியாதவரை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே அதன் பாதுகாப்பு. வட்டியில்லாமையும் விலைவாசி உயர்வால் மதிப்புக் குறைவதும் அதன் குறைகள். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது அந்தக் கயிறு ஒரே இரவில் அறுந்தது. கணவருக்கும் தெரியாமல் சேர்த்தவர்கள், வங்கியில் மாற்றுவதற்காக வீட்டாரிடமே அதை வெளிப்படுத்த நேர்ந்தது. சேமித்ததற்காகக் குற்றவாளிபோல் விளக்கம் சொல்ல நேர்ந்த அந்நாட்களைச் சேமிப்பின் வரலாற்றை எழுதுவோர் விட்டுவிடலாகாது.

இரகசியத்துக்கு மாறாகப் பலரறியக் கட்டப்படுவது சீட்டு. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதங்கள் கட்டும் ஒரு இலட்ச ரூபாய் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் பணம் தேவைப்படும் ஒருவர், 25,000 ரூபாயைத் தள்ளி 75,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார் என்று கொள்வோம். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவர் தம் கழிவாக 5,000 ரூபாயை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 20,000 ரூபாய் இருபது பேருக்கும் தலைக்கு 1,000 வீதம் பகிரப்படுகிறது. ‘கசர்’ எனப்படும் இப்பங்கு போக, அம்மாதம் ஒவ்வொருவரும் 4,000 ரூபாய் கட்டினால் போதும். மாதம் செல்லச் செல்லப் போட்டி தணிந்து தள்ளும் தொகை குறையும். கடைசி மாதத்தில் நடத்துபவரின் கழிவு போக 95,000 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும்.

கசர் 1,000 ரூபாயிலிருந்து சீராகக் குறைந்துவருவதாகக் கொண்டால், ஒவ்வொருவரும் இருபது மாதங்களில் கட்டும் மொத்தம் ஏறத்தாழ 90,000 ரூபாய் ஆகும். முதல் மாதமே 75,000 ரூபாய் பெற்றவர் அதற்குக் கொடுக்கும் வட்டியைக் கணக்கிட்டால், கடைத்தெருப் பேச்சில் ‘இரண்டு வட்டி’ என்று சொல்லப்படும் மாதம் நூற்றுக்கு 2 ரூபாயை ஒட்டி வருகிறது. கடைசி மாதம் வரை காத்திருந்தவருக்குக் கிடைக்கும் ஆதாயமோ ஆண்டுக்கு 7 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அஞ்சலகம் தரும் வட்டியும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே இறுதிவரை பொறுத்திருக்க எண்ணுபவர் சீட்டில் சேர்வதால் பெறுவது சிறிது. நடத்துபவர் ஓடிவிடக்கூடும் என்ற இடரையும் அவரே சுமக்கிறார். இடையில் திருமணமோ வீட்டு வேலையோ வரக்கூடும், வங்கி கடன் தராது என்ற நிலையில் உள்ளவருக்கே சீட்டு உண்மையில் பயன்படுகிறது. அவருக்கு அது சேமிப்பாகவும் கடனாகவும் ஒருங்கே அமைகிறது.

சீட்டு நடத்துவதை 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். நடத்துபவரின் கழிவு 5 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தெருவில் அக்கம்பக்கத்தார் நடத்தும் சீட்டுகள் இச்சட்டத்தின் நிழலில்கூட நிற்பதில்லை. அங்கே கட்டாக இருப்பது முகதாட்சண்யம் ஒன்றே. அது தவணையை ஒழுங்காகக் கட்டச் செய்யும் அளவுக்கு, நடத்துபவர் தலைமறைவானபின் பணத்தை மீட்டுத் தருவதில்லை.

அஞ்சலகத் தொடர் வைப்பு சுவையற்றது என்பதாலேயே அதிகம் பேசப்படுவதில்லை. இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் தொடங்கியது. மாதம் 100 ரூபாய் முதல் ஐந்தாண்டுகள், அதாவது 60 தவணைகள் கட்டும் தொடர் வைப்புக்கு 2023 அக்டோபரில் 6.7 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. அந்த வீதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டுபவருக்கு 60,000 ரூபாய், ஏறத்தாழ 71,366 ரூபாயாகத் திரும்பும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். ஓராண்டு கட்டியபின் இருப்பில் பாதியைக் கடனாகப் பெறலாம். தவறுவதை உறுத்தச் செய்யும் சிறு அபராதமும், அவசரத்துக்கு உதவும் சிறு கதவும் ஒருங்கே உடைய இந்தக் கட்டு, அளவாக முடிச்சிடப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

நகைக்கடைகளின் மாதத் தவணைத் திட்டம் பதினோரு மாதங்களில் முடிவதற்குக் காரணம் பலரும் எண்ணுவதுபோல் கடைக்காரரின் தாராளம் அன்று. பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகத் தராவிடில் அது வைப்புத் தொகையாகக் கருதப்படும் என்று நிறுவனங்களுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இத்தகைய திட்டங்களில் தரப்படும் சலுகை பெரிதாகத் தோன்றினாலும், பொதுவாக அதைப் பணமாகப் பெறமுடியாது. நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்பதைப் பார்த்தபின்னரே சலுகை உண்மையா, ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதா என்பது விளங்கும். நகை வாங்குவது உறுதியென்றால் திட்டம் பயன்படும். சேமிப்புக்காக மட்டும் என்றால் பயன்படாது. தீபாவளிச் சீட்டில் பாத்திரமும் பலகாரப் பெட்டியும் தங்கக் காசும் சேர்த்துத் தருவதாகச் சொல்லப்படும்போது இக்கணக்கைப் போடுவதே கடினமாகிறது. கணக்குப் போட முடியாதபடி அமைந்த திட்டத்தை விட்டு விலகுவதே நலம். ஏமாந்தவர்களுக்காக 1997ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியிருப்பினும், சொத்துகளை முடக்கி விற்றுப் பணம் திரும்பக் கிடைக்கும்வரை காத்திருப்பது நெடிய வேலை.

இந்தக் கட்டுகள் எல்லாவற்றையும் அவிழ்க்கும் ஆற்றல் கைபேசிவழிப் பணம் செலுத்தும் முறைக்கு உண்டு. 2016இல் தொடங்கிய யுபிஐ வசதியால் தேநீர்க் கடை முதல் ஜவுளிக் கடை வரை சில்லறைத் தொல்லை தீர்ந்தது. சட்டைப் பையில் தாள் குறைவதைக் கண்ணால் காணும் உறுத்தலும் அதனுடன் தீர்ந்தது. சம்பளம் வரும் கணக்கிலிருந்து மாதத் தொடக்கத்திலேயே மற்றொரு வங்கிக் கணக்குக்கு ஒரு தொகையை மாற்றி, அந்தக் கணக்கைக் கைபேசிச் செயலியுடன் இணைக்காமல் விட்டுவைப்பது எளிய மாற்றுவழி. வங்கிக்கு நேரில் சென்றுதான் எடுக்கமுடியும் என்ற சிறு சிரமம், பழைய அரிசிப் பானையின் ஆழத்துக்கு ஈடாக அமைகிறது.

சேமிப்பதற்கு வருமானமே இல்லை என்று சொல்லும் குடும்பங்களிலும் ஏற்கெனவே கட்டப்பட்டுவரும் தொகை ஒன்று பெரும்பாலும் உண்டு, அது தண்டல். சந்தைகளில் காய்கறியும் பூவும் விற்பவர்களுக்கு நாள்தோறும் வசூலிக்கும் ஏற்பாட்டில் தரப்படும் இக்கடனில், 10,000 ரூபாய்க்கு முன்வட்டியாக 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் வசூலிப்பது ஒரு முறை. கடன் நாள்தோறும் குறைந்துவருவதால் இதன் வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. எனினும் நூறு நாட்கள் தவறாமல் 100 ரூபாய் கட்டியவர் தம்மால் சேமிக்க முடியும் என்பதை நிரூபித்துவிட்டார். கட்டியது பிறருக்கு என்பதே வேறுபாடு. நூறாம் நாள் கடன் தீர்ந்ததும் அடுத்த தண்டலை வாங்காமல், சரக்குக் கொள்முதலைச் சற்றே குறைத்துக்கொண்டேனும், அதே 100 ரூபாயை அதே நேரத்தில் மகளிர் சுய உதவிக் குழுவிலோ அஞ்சலகத்திலோ கட்டிவந்தால், தண்டல்காரர் கையில் கொடுத்த அதே 9,000 ரூபாய் தொண்ணூறாம் நாளில் அவருடைய சொந்தப் பணமாக நிற்கும்.