பணத்தாளில் இடம்பெற்ற கடனாளி

1695ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் பணத்தாள்களில் நெடுங்காலமாக ஓர் எழுத்தாளரின் முகம் அச்சிடப்பட்டு வருகிறது. அவர் சர் வால்டர் ஸ்காட். ‘ஐவன்ஹோ’ நாவலைச் சுருக்கமாகவேனும் படித்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கடனை அடைப்பதற்காகவே எழுதிக் கழித்தார் என்பது அந்த அளவுக்கு அறியப்படாத செய்தி.

எடின்பரோவில் 1771இல் பிறந்த ஸ்காட்டுக்குக் குழந்தைப் பருவத்திலேயே நோயினால் வலக்கால் ஊனமுற்றது. சட்டம் பயின்றார், நீதிமன்றப் பதவிகளில் அமர்ந்தார், கவிஞராகப் புகழ் பெற்றார். 1814இல் தம் பெயரை மறைத்து ‘வேவர்லி’ என்னும் நாவலை வெளியிட்டார். அதன்பின் நாவல்கள் தொடர்ந்து வந்தன, வருமானமும் பெருகியது. அந்த வருமானத்தையும், இன்னும் எழுதப்படாத நாவல்களுக்குப் பெற்ற முன்பணத்தையும் அபட்ஸ்ஃபோர்டு என்னும் மாளிகையிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் கொட்டினார்.

அவர் மறைத்தது எழுத்தாளர் என்னும் அடையாளத்தை மட்டுமன்று. தம் நூல்களை அச்சிட்ட ஜேம்ஸ் பாலன்டைன் அச்சகத்தில் அவரும் ஒரு கூட்டாளி என்பதை ஊரார் அறியார். அந்த அச்சகமும், பதிப்பாளர் கான்ஸ்டபிளும் ஒருவர்மீது ஒருவர் மாற்றுச்சீட்டு எழுதிக்கொண்டனர். சரக்கு கைமாறியதற்கு ஈடாக எழுதப்படும் சீட்டு, சரக்கு விற்றதும் தானே தீர்ந்துவிடும். இவர்களுடைய சீட்டுகளுள் பலவற்றின் பின்னால் சரக்கே இல்லை. இரு கையொப்பங்கள் மட்டுமே இருந்தன. வங்கியில் வட்டம் கழித்துப் பணம் பெறுவதும், தவணை வந்ததும் புதுச் சீட்டு எழுதிப் பழையதை அடைப்பதுமாகக் காலம் ஓடியது. வணிகவியல் மாணவர் எவரும் பாடத்தில் படித்திருக்கக்கூடிய ஆபத்து இது. ஸ்காட்டைச் சூழ்ச்சிக்கு இரையானவராகக் காட்டுவோர் உண்டு. ஆயினும் கையொப்பமிட்டவர் அவரே என்பதை வங்கியாளராகிய நாம் மறப்பதற்கில்லை.

1825இன் இறுதியில் லண்டன் பணச்சந்தை நெருக்கடியில் சிக்கியது. அடுத்த ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் முகவர்கள் வீழ்ந்தனர். அவர்களோடு கான்ஸ்டபிளும், பாலன்டைனும் வீழ்ந்தனர். கூட்டாளி என்ற முறையில் ஸ்காட்டின் தலைமேல் விழுந்த கடன் ஏறத்தாழ 1,20,000 பவுன். அப்போது அவருக்கு வயது 54. திவால் அறிவித்து, இருப்பதை ஒப்படைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வழி திறந்தே இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. இனித் தாம் எழுதி ஈட்டுவதைக் கடன் கொடுத்தோருக்கே உரியதாக்கி அறங்காவலர் பத்திரம் ஒன்றில் கையொப்பமிட்டார். எடின்பரோ வீடு விற்பனைக்குப் போனது. மே மாதம் மனைவி சார்லட் காலமானார்.

வியப்பு என்னவெனில், வீழ்ச்சியடைந்த சில வாரங்களுக்குள் அவர் வங்கிகளுக்காகவே எழுதினார். ஐந்து பவுனுக்குக் குறைந்த பணத்தாள்களைத் தடைசெய்ய அரசு முனைந்தபோது, மலாக்கி மலக்ரோதர் என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்ட கடிதங்கள் மக்களிடையே பெரும் கிளர்ச்சியை உண்டாக்கின. ஸ்காட்லாந்துக்கு அத்தடை பொருந்தாமற்போயிற்று. பணத்தாளில் அவர் முகம் இடம்பெற்றதன் காரணம் இதுவே.

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்காட் இளமையில் விரும்பிய வில்லியமினா என்னும் பெண்ணை 1797இல் மணந்தவர் சர் வில்லியம் ஃபோர்ப்ஸ் என்னும் வங்கியாளர். கடன் கொடுத்தோருள் அவர் வங்கியும் ஒன்று. எனினும், பொறுத்திருப்போம் என்ற முடிவுக்கு மற்றவர்கள் வர அவர் துணைநின்றார். 1827இல் லண்டன் உண்டியல் தரகர்கள் இருவர் மட்டும் இணங்க மறுத்து, ஏறத்தாழ 2,000 பவுனுக்காக ஸ்காட்டைக் கைது செய்விக்க முயன்றனர். கடனாளிகளைக் கைது செய்ய இயலாத ஹோலிரூட் எல்லைக்குள் புகலிடம் தேடவும் ஸ்காட் எண்ணினார். அத்தொகையை ஃபோர்ப்ஸ் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்திவிட்டு, வரிசையில் நிற்கும் மற்றொரு கடன்காரராக மட்டுமே தம்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். 1828இல் அவர் இறந்த பின்னரே ஸ்காட்டுக்கு உண்மை தெரிய வந்தது.

எழுத்து நிற்கவில்லை. நெப்போலியனின் வாழ்க்கை வரலாறு ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 பவுன் அடைபட்டது. 1829 முதல் அவர் நாவல்கள் முன்னுரைகளுடன் மலிவுப் பதிப்பாக வரத் தொடங்கின. அவையும் நன்கு விற்றன. 1830 இறுதியில், கடன் கொடுத்தோர் நன்றியறிதலாக அவருடைய நூலகத்தையும் வீட்டுப் பொருள்களையும் அவருக்கே திருப்பியளித்தனர். ஆனால் அதே ஆண்டில் பக்கவாதம் தாக்கியிருந்தது. மருத்துவர்கள் தடுத்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை; கடைசி நாவல்களில் தளர்ச்சி தெரிகிறது. மால்டா, நேப்பிள்ஸ் வரை கடற்பயணம் சென்றும் பயனின்றித் திரும்பி, 1832 செப்டம்பர் 21 அன்று அபட்ஸ்ஃபோர்டில் உயிர் நீத்தார்.

அப்போதும் கடன் மிச்சமிருந்தது. ஆயுள் காப்பீட்டுத் தொகை ஒரு பகுதியை அடைத்தது. பதிப்பாளர் கேடல் நூல்களின் வருமானத்தை நம்பி மற்றொரு பெருந்தொகையைத் தந்தார். எஞ்சிய பதிப்புரிமையும் அவருக்கே கைமாற, 1847இல் கணக்கு முற்றிலும் தீர்ந்தது.