நோயின் பெயரும் சிறுபான்மையோரும்

மேக நோய்களுள் கொடியதொன்றை நம் முன்னோர் பறங்கிப்புண் என்று வழங்கினர். போர்த்துக்கீசியராகிய பறங்கியர் 1498-ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைக் கரையில் வந்திறங்கிய பின்னர் இந்நோய் இந்நாட்டில் பரவியமையின் அப்பெயர் எய்திற்று. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் வடமொழி வைத்திய நூலும் இதனைப் பிரங்க ரோகம் என்றே கூறும். இதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்கும் நம்மவர் வாயில் பறங்கிப்பட்டை ஆயிற்று. பிற நாட்டாரும் இவ்வகையில் நமக்கு இளைத்தவரல்லர். இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷியர் போலந்தின்மேல் ஏற்றினர். அயலாரைச் சுட்டாதவர் இலர். தம்மைச் சுட்டிக்கொண்டவரும் இலர்.

பறங்கியர் கப்பலும் பீரங்கியும் உடையவர். ஒரு பெயரால் அவர்க்குக் குறை நேரவில்லை. எளியதொரு கூட்டத்தின்மேல் அப்பெயர் ஏறுமாயின் விளைவு வேறாம். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையத்தார், எய்ட்ஸ் நோய்க்கு இலக்காகத் தக்கோர் வரிசையில், ஹெய்ட்டி நாட்டவரை அந்நாட்டவர் என்ற ஒன்றே பற்றிச் சேர்த்தனர். 1985-இல் அதனை நீக்கினர். எனினும் 1990-இல் ஹெய்ட்டியர் இரத்ததானம் செய்யலாகாது என்று மற்றொரு விதி பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலமாய்ச் சென்று முறையிட்டனர். ஆண்டு முடிவதற்குள் அவ்விதி கைவிடப்பட்டது.

நிற்க. இனி நம் திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் நோக்குவோம். வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின்போது திருவரங்கத்து வீதியோரங்களில் பாசிமணியும் ஊசியும் பரப்பி அமர்ந்திருக்கும் நரிக்குறவரைக் காணாதார் நம்முள் யாவர்? திருவெறும்பூரை அடுத்த தேவராயனேரியில் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. அவர்தம் வாக்ரிபோலி, குஜராத்தி மொழிக்கு உறவாகிய வடநாட்டு மொழி; அதற்கெனத் தனி எழுத்து இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் வேட்டை நலிந்துபோக, மணி கோத்து விற்றலே பலர்க்குப் பிழைப்பாயிற்று. ஆதலின் திருவிழாக்களைத் தொடர்ந்து ஊர்தோறும் செல்வர். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்ந்தது 2023-ஆம் ஆண்டிலேதான்.

இம்மக்களிடத்துப் பால்வினை நோய் மிகுதி என்று நாம் சொல்ல வரவில்லை. அங்ஙனம் சொல்லின் நாமும் பறங்கிப்புண் என்று பெயரிட்டவரோடு ஒப்போம். மருத்துவம் அவர்களைச் சென்று சேர்தற்குத் தடைகள் பல என்பதே நம் கருத்து.

முதலாவது மொழி. சுவரெங்கும் 'பால்வினை நோய்' என்று எழுதி வைத்திருக்கிறோம். பால் என்றவுடன் பசுவை நினைக்கும் நம் கிராமத்தார்க்கே அச்சொல் விளங்குவது ஐயம். நம் கல்லூரிகளின் செஞ்சுருள் சங்கத்தார் நடிக்கும் நாடகமும் தமிழில்தான். பெரும்பாலான நரிக்குறவர் கடைத்தெருவில் தமிழ் நன்றாகவே பேசுவர். மணியின் விலையை உரைக்க அது போதும். ஆயினும் ஒரு பெண் தன் உடம்பின் மறைவான நோவைச் சொல்லத் தாய்மொழியன்றி வேறு எம்மொழி உதவும்? இக்கருத்தை மேனாட்டிலும் சிலர் உணர்ந்தனர். லண்டனில் குடியேறிய தெற்காசிய மக்களுக்காகச் சிவானந்த கான் என்பார் 1991-இல் நாஸ் என்னும் அமைப்பைத் தொடங்கி, அவரவர் மொழியையும் வழக்கத்தையும் அறிந்தோரைக் கொண்டே தொண்டாற்றினார்.

அவ்வாறாயின் அக்குடியிருப்பிலேயே படித்த ஒருவரைத் தொண்டராக அமர்த்தினால் போதுமன்றோ எனலாம். ஈண்டுதான் சிக்கல் உளது. சிறிய குடியிருப்பில் யாவரும் உறவினர். மொழிபெயர்ப்பவள் நாத்தனாராய் இருப்பின், நோயாளி வாய் திறவாள். திறந்தாலும் பொழுது சாய்வதற்குள் செய்தி ஊரெங்கும் பரவும். ஆகவே பொதுவாக அறிவுறுத்துதலைத் தம்மவர் செய்க, பெண்டிர்க்குப் பெண்டிரும் ஆடவர்க்கு ஆடவருமாக. சோதனையும் சிகிச்சையும் குடியிருப்பிற்கு அப்பால், எல்லார்க்கும் பொதுவான ஆஸ்பத்திரியில் நடைபெறுக என்பது நம் எண்ணம். எய்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதிய வண்டி ஒரு குடியிருப்பின் வாயிலில் மட்டும் வந்து நின்றால், பார்த்துச் செல்லும் அயலூரார் என்ன நினைப்பர்? கண், சர்க்கரை, கருப்பம் ஆகியவற்றைப் பார்க்கும் பொது முகாமில் இதுவும் ஒன்றாய் அமைதல் நன்று.

மற்றொரு தடை காலம். இன்று இரத்தம் கொடுத்து அடுத்த வாரம் வந்து முடிவு கேள் என்றால், அடுத்த வாரம் அவர்கள் வேறொரு திருவிழாவில் இருப்பர். பறங்கிப்புண்ணைக் கண்டறிய இப்பொழுது விரல் நுனியின் ஒரு துளி இரத்தமும் ஏறத்தாழ 20 நிமிடமுமே போதும். தொடக்க நிலையில் பென்சாதீன் பென்சிலின் ஊசி ஒன்றே அதனைத் தீர்க்கும். அன்றே சோதித்து அன்றே ஊசி இடுதல் கூடும். கணவனுக்கும் அவ்வாறே செய்தல் வேண்டும். இன்றேல் நோய் திரும்பும். கருவுற்றவள் இதனைப் பெறாவிடில் கரு சிதையலாம். குழந்தை இறந்தும் பிறக்கலாம். எச்.ஐ.வி. கிருமியோ, சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும். தக்க மருந்தை விடாது உண்டால் அது 5-க்கும் கீழே குறையும். இம்மருந்தை நாள்தோறும், வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியிருத்தலின், செல்லும் ஊரிலெல்லாம் அது கிடைக்க வழி செய்தல் வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் அறியப்பட்டது 1986-இல் சென்னையிலேயே. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேர்த்த இரத்தம் வேலூரில் சோதிக்கப்பட்டபொழுது 6 பெண்களிடத்து அக்கிருமி காணப்பட்டது. அந்நாளில் அப்பெண்களின் இசைவைக் கேட்டறியும் முறை எதுவும் சட்டத்தில் இல்லை. இன்றோ உண்டு. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், அறிந்து தரும் இசைவின்றிச் சோதித்தலைத் தடுக்கிறது. அவ்விசைவும் அம்மனிதருக்கு விளங்கும் மொழியில், விளங்கும் முறையில் எடுத்துரைத்த பின்னரே பெறற்பாலது என்கிறது. ஆகவே வாக்ரிபோலி பேசும் மூதாட்டி ஒருத்தி, படித்துக் காட்டப்படாத தமிழ்ப் படிவத்தில் வைக்கும் கைநாட்டு இசைவாகாது.

திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையமும் கூட்டு மருந்து சிகிச்சை மையமும் உள்ளன. சோதனைக்கும் மருந்துக்கும் பொருள் வாங்குவதில்லை. வினவ விரும்புவோர்க்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு. பெயர் சொல்ல வேண்டுவதில்லை.