பித்தளை தாங்கும், ரப்பர் தாங்காது

செகண்ட் ஹேண்ட் ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்குபவர்களின் கண் முதலில் குரோமியப் பூச்சின் பளபளப்பில்தான் போய் நிற்கும். சர்வீஸ் மெக்கானிக் பார்ப்பது வேறு இடத்தை. சிலிண்டரோடு பொருந்தும் முனையில், வெண்கலத் துகள்களை இறுக்கிச் செய்த சின்ன ஃபில்டர் ஒன்று இருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பச்சை படிந்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கருமை என்றால் காற்றடைக்கும் கம்ப்ரஸரிலிருந்து வந்த கரித்தூள்.

இந்தக் கருவி செய்யும் வேலை எளிதானதல்ல. சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் மூழ்குபவரின் உடலை அழுத்துவது 3 பார். அவர் மூச்சிழுக்கும் காற்றும் அதே 3 பாரில் வந்தால்தான் நெஞ்சு விரியும். இதை ரெகுலேட்டர் இரண்டு படிகளில் செய்கிறது. சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி காற்றைக் குறைத்து அனுப்பும். வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் உண்டு. மூச்சிழுத்ததும் அது உள்வாங்கி நெம்புகோலை அழுத்த, வால்வு திறக்கும். இழுப்பது நின்றதும் மூடிக்கொள்ளும்.

1943-இல் பிரான்சில் எமில் காக்னனும் ஜாக் கூஸ்தோவும் உருவாக்கிய 'அக்வாலங்' கருவியின் அடிப்படை இதுதான். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் எரிவாயுவால் ஓடிய கார்களுக்காகக் காக்னன் வடிவமைத்த வால்வு அதற்கு முன்னோடி. இரண்டு ஸ்டேஜையும் பிரித்து நடுவில் ஒற்றைக் குழாய் வைத்த 'போர்பாய்ஸ்' ரெகுலேட்டரை 1952-இல் மெல்போர்னில் டெட் எல்ட்ரட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. பல ஆண்டு பழைய ரெகுலேட்டரையும் மீட்டெடுக்க முடிவது அதனால்தான்.

டைவிங் மையங்களில் வாடகைக்கு அதிகம் புழங்கிய ஸ்கூபாபுரோ எம்.கே.2 ஃபர்ஸ்ட் ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். வெளிநீர் வந்து ஸ்பிரிங்கோடு சேர்ந்து பிஸ்டனைத் தள்ளுவதற்காக உடலில் துளைகள் விட்டிருப்பார்கள். ஆழத்துக்கு ஏற்றபடி காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவது அந்த நீர்தான். உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே நீர்தான். சரியாகக் கழுவாமல் வைத்திருந்ததைக் கழற்றினால் ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே உப்பு பூத்திருக்கும். பூச்சு உரிந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

பிஸ்டனின் நுனியில் உளுந்து அளவுள்ள பிளாஸ்டிக் சீட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஓர் உலோக வாயின் விளிம்பில் போய் அழுந்துவதால், லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் வட்டத் தடம் தெரியும். தேய்ந்த சீட்டை மாற்றிவிடலாம். ஆனால் அந்த உலோக விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுச் சீட்டும் கசியும். விளிம்பு உடலோடு சேர்த்துக் கடைந்ததாக இருந்தால் உடலையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஆகவேதான் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான பழைய ஓ-ரிங்குகளைக் கிளப்ப இரும்பு ஊசியைத் தொடாமல் பித்தளை அல்லது பிளாஸ்டிக் குச்சியைப் பயன்படுத்துகிறார்கள்.

கழற்றிய உலோக பாகங்கள் நீர் கலந்த வினிகரில், அல்ட்ராசானிக் தொட்டியில் சில நிமிடங்கள் கிடக்கும். அதிக நேரம் ஊறவிட்டால் அமிலம் பூச்சையே அரிக்கத் தொடங்கும். பிறகு நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும். ஓ-ரிங்குகள் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். ஆக்சிஜன் செறிவைக் கூட்டிய காற்றுக்கு இந்த ரெகுலேட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால் சாதாரண சிலிக்கோன் கிரீஸ் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் அது தீப்பற்றக்கூடும். அதற்கென்றே தனி கிரீஸ் உண்டு.

பூட்டியதோடு வேலை முடியாது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் கேஜ் மாட்டி, பலமுறை மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் முள் ஒரே இடத்துக்குத் திரும்பி, அங்கேயே நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊர்ந்தால் சீட் சரியாக மூடவில்லை. அந்த அழுத்தம் கடைசியில் செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறந்து காற்றைக் கொட்டவைக்கும். எம்.கே.2-இல் சிலிண்டர் காலியாகக் காலியாக இந்த அளவு சற்று இறங்குவது இயல்பு. எனவே நிறைந்த சிலிண்டர், குறைந்த சிலிண்டர் இரண்டிலும் அளக்க வேண்டும். செகண்ட் ஸ்டேஜ் எவ்வளவு மெல்லிய இழுப்புக்குத் திறக்கிறது என்பதையும் மானோமீட்டரில் பார்க்கிறார்கள். பொதுவாக 2.5 முதல் 4 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு சரியாக இருக்கும்.

வாங்குபவர் கடையிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் முனையை மூடியால் அடைத்துவிட்டு மூச்சிழுத்துப் பார்க்கலாம். சிறிதளவு காற்று வந்தாலும் டயாஃப்ரமிலோ வெளியேற்று வால்விலோ மவுத்பீஸிலோ ஓட்டை இருக்கிறது. குழாய்களை வளைத்து, உலோகம் சேரும் இடத்தில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கிட், கூலி, புதுக் குழாய் எல்லாம் சேர்ந்தால் வாங்கிய விலையையே தாண்டுவது உண்டு.

இந்த வேலையைக் கற்க விரும்புவோருக்கு வான்ஸ் ஹார்லோவும் பீட்டர் வுல்ஃபிங்கரும் ஆங்கிலத்தில் எழுதிய கையேடுகள் இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர் உயிர் காக்கும் கருவியைப் படித்த மாத்திரத்தில் பிரித்துப் பூட்டி ஆழ்கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. தேர்ந்த மெக்கானிக் கைபட்ட ரெகுலேட்டரைக்கூட முதலில் நீச்சல்குளத்திலோ ஆழமில்லாத நீரிலோதான் சோதிப்பார்கள். அதன்பின் பொறுப்பு உரிமையாளருடையது. ஒவ்வொரு முறை கடலிலிருந்து ஏறியதும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்துப் போட்டுவிட்டு நல்ல நீரில் ஊறவைக்க வேண்டும். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் முன்பக்கப் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, நீர் குழாய் வழியே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்வரை போய்விடும்.