ஆரம்பாக்கம் தாண்டினால் ரோமிங்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சூளூர்பேட்டைக்குப் போகும் புறநகர் ரயில் எளாவூர், ஆரம்பாக்கம் கடந்தால் அடுத்து தடா. அது ஆந்திரம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் பெட்டியில் இருக்கும் செல்போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிடும்: இனி ரோமிங், வரும் அழைப்புக்கும் காசு. எல்லையோரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ரோமிங்கில் போய்விட்டவர்களும் உண்டு. பழைய ஜிஎஸ்எம் முறையில் ஒரு டவர் 35 கி.மீ. வரை எட்டலாம், எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிதான் நிற்கும், அலை நிற்காது.

தொலைபேசிச் சேவைக்காக நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; வட்டம் மாறினால் ரோமிங். 2017-ஐ ஒட்டி பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன. கட்டணம்தான் போனதே தவிர, உள்ளே நடக்கும் வேலை இன்றும் நடக்கிறது. தடாவில் இறங்கும் போனைப் பார்த்து ஆந்திர வலையமைப்பு கேட்பதும், பாரிஸில் இறங்கும் போனைப் பார்த்து பிரெஞ்சு வலையமைப்பு கேட்பதும் ஒரே கேள்விதான்: நீ யார், உனக்கு யார் பொறுப்பு?

பதில் சொல்வது சிம். 1991-ல் முதல் சிம்மைச் செய்த மியூனிக் நகரத்து கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனத்தின் பழைய தொழில் ரூபாய் நோட்டு போன்ற பணத்தாள்களை அச்சடிப்பது. கள்ள நோட்டைத் தடுக்கத் தெரிந்தவர்களிடம் கள்ள அடையாளத்தைத் தடுக்கும் வேலை போனதில் வியப்பில்லை. அன்று ஏடிஎம் கார்டு அளவில் இருந்த சிம், இன்று 12.3 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் உள்ள நானோ சிம். அந்தத் துணுக்குக்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் உண்டு. அந்த ரகசிய எண் உலகத்தில் இரண்டே இடத்தில் இருக்கும்: உங்கள் சிம்மிலும், உங்கள் நிறுவனத்தின் சரிபார்ப்பு மையத்திலும். இரண்டிலிருந்தும் அது வெளியே வராது.

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் உள்ள தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் டயர் ஆலை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒரு பொறியாளர் பிரான்ஸுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் போனைத் திறந்ததும் சிம் தன் 15 இலக்க எண்ணைக் கொடுக்கிறது. தொடக்கம் 404 அல்லது 405 என்றால் இந்தியா. அடுத்த இரண்டு மூன்று இலக்கங்களில் நிறுவனமும் தெரிந்துவிடும். பிரெஞ்சு வலையமைப்பு இந்தியாவை விசாரிக்கிறது. இந்திய மையம் ஒரு தற்செயல் எண்ணையும், அதற்கு வரவேண்டிய விடையையும் அனுப்புகிறது. தற்செயல் எண் மட்டும் சிம்முக்குப் போகும். சிம் தன் ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தரும். இரண்டு விடையும் ஒன்றானால் உள்ளே அனுமதி. ரகசியம் என்ன என்று பிரெஞ்சுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

டேட்டா விஷயத்தில்தான் பலரும் அறியாத வேடிக்கை. ரோமிங்கில் உங்கள் டேட்டா பெரும்பாலும் சொந்த நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் போகிறது. பாரிஸில் நின்றுகொண்டு பாரிஸ் மெட்ரோவின் தளத்தைத் திறந்தாலும், கோரிக்கை இந்தியா வந்து பிரான்ஸுக்குத் திரும்பும். பதிலும் அதே சுற்று. ஒரு தடத்துக்கு 8,000 கி.மீ. என்றால் மொத்தம் 32,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆகவே குறைந்தது 0.16 நொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். செய்தி படிக்க இது உறைக்காது. வீடியோ அழைப்பில் உறைக்கும். பயணிகளுக்கென்று விற்கும் பல இசிம்களிலும் இதே கதை உண்டு: அவற்றின் அடையாளம் மூன்றாவது ஒரு நாட்டு நிறுவனத்தினுடையது. நீங்கள் பாரிஸில் இருக்க, இணையதளங்கள் உங்களை வேறு நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். போன நாட்டிலேயே வாங்கிய உள்ளூர் சிம்முக்கு இந்தச் சுற்று இல்லை.

இசிம் என்றால் சிம்மே இல்லை என்று பொருளல்ல. போனின் பலகையில் நிரந்தரமாகப் பற்றவைத்த சில்லு அது. 32 இலக்க எண் கொண்டது. கியூஆர் குறியீட்டில் ரகசிய எண் இருக்காது. எந்த சர்வருக்குப் போக வேண்டும், அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இருக்கும். அந்த ஒரு சில்லு மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுடன் அடையாளம் முழுவதும் காற்றுவழி வந்து இறங்குகிறது. பல குறியீடுகள் ஒருமுறைதான் செல்லும். இறங்கியதை அவசரப்பட்டு அழித்தால் போச்சு. ஊரில் வைஃபை இருக்கும்போதே இறக்கிவைப்பது நல்லது.

பொறியாளருக்கு என் யோசனை: ஊர் எண்ணை ஓடிபி வாங்க விட்டுவைத்து அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், டேட்டாவுக்கு இசிம். இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் சொந்த நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும். வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாததால் 2024 ஜனவரியில் இசிம் விற்கும் ஏர்அலோ, ஹோலாஃப்ளை செயலிகள் இங்குள்ள ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. விமானத்தில் ஃப்ளைட் மோடை அணைக்கவே வேண்டாம். 901 என்று தொடங்கும் வலையமைப்பு அங்கே காத்திருக்கலாம்; விமானத்துக்கும் கப்பலுக்குமான அந்தச் சேவையில் சாதாரண ரோமிங் பேக் செல்லாமல் போகலாம்.

வளைகுடாவுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகும் வெல்டரின் கணக்கு வேறு. அவருடைய போனில் இசிம் வசதியே இல்லாமல் இருக்கலாம். அங்கே இறங்கி உள்ளூர் சிம் வாங்குவதுதான் மலிவு. ஆனால் கழற்றிய ஊர் சிம்மைப் பர்ஸில் போட்டு மறந்துவிடுகிறார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்கும் கொடுக்கலாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணில்தான் இருக்கும். போனில் இரண்டு சிம் போட இடம் உண்டா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொண்டு, ஊர் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.