முதல் கீறல் பூசணிக்காயில் விழட்டும்!

திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பித்தப்பையில் கல். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆபரேஷன்தாம்மா சரி, தள்ளிப்போடாதீங்க" என்றேன்.

"பெரியாஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்லிட்டாக, வைத்தியரய்யா. ஆனா அங்க படிக்கிற பிள்ளைக எம்மேல பழகிப் பாப்பாகளோன்னு பயமா இருக்கு" என்றார்.

வாசகர்களே, உங்களில் பலருக்கும் இந்தப் பயம் இருக்கும். நியாயமான பயம்தான். ஏனென்றால் நானே அப்படிப் பழகியவன்!

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கீறலும் ஒன்று, அறுவையும் ஒன்று. படித்த காலத்தில் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் முதன்முதலில் ஒரு பெரியவரின் முதுகுக் கட்டியைக் கீறக் கத்தியை எடுத்தபோது கை வெடவெடவென்று நடுங்கியது. ஆழம் போதவில்லை. இரண்டாம் முறை கீற வேண்டியதாயிற்று. "பரவால்ல தம்பி, நல்லாவே கீறுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டார் அவர். என் பாடத்துக்கு அவர் வலியால் கட்டணம் கட்டினார். இன்றும் அது என் மனசை உறுத்துகிறது.

நம்ம அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் சின்னப் பிள்ளையை எடுத்த எடுப்பில் தறியிலா உட்கார வைப்பார்கள்? தார் சுற்றி, அறுந்த இழையை முடியப் பழகிய பிறகுதானே! கத்தி பிடிக்கிற கைக்கும் அப்படி ஒரு இடம் வேண்டாமா?

பழைய யோசனைதான்!

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. சுரண்டிப் பழக முடியுள்ள தோல். இரத்தக் குழாயைத் துளைத்துப் பழகத் தாமரைத் தண்டு. தைத்துப் பழகத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப்போட ஒரு பொம்மை! எத்தனை நூல் கற்றாலும் இப்படிப் பழகாதவர் சிகிச்சைக்குத் தகுதியில்லை என்கிறது அந்த நூல்.

அதன் இன்றைய வடிவம்தான் 'சிமுலேஷன் லேப்' என்கிற பாவனைப் பயிற்சிக்கூடம். 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளில், ஆண்டுக்கு 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்குக் குறைந்தது 600 சதுர மீட்டரில் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்று சொல்லப்பட்டது. நம் மாவட்டத்துக்கும் 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆகவே இது நம் வீட்டு விஷயமும்கூட.

உள்ளே எப்படி இருக்க வேண்டும்?

வாருங்கள், ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம்.

முதலில் மேஜைப் பயிற்சி அறை. வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனில், கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவியின் முனை இடப்பக்கம் போகும். கிணற்று ஏற்றம் மாதிரி! மூளைக்கு இது பழக நாளாகும். அதற்காக ஒரு மூடிய பெட்டி. உள்ளே கேமரா. டி.வி. திரையைப் பார்த்தபடியே பாசிமணிகளை எடுத்துக் கோக்க வேண்டும். கருவியின் பிடி முழங்கை மட்டத்தில் நிற்கிற மாதிரி மேஜையின் உயரம் அமைய வேண்டும். உயரம் தப்பினால் தோள்வலிதான் மிச்சம்.

அடுத்து ஈர அறை. ஆட்டுக் கண் போன்ற நிஜ உறுப்புகளில் பழகும் இடம். கழுவிவிடத் தோதான தரை, நீர் வடிய வழி, துருப்பிடிக்காத மேஜை, குளிர்பெட்டி, நாற்றத்தை வெளியேற்றும் விசிறி, இவையெல்லாம் அவசியம். இந்த அறையை மற்ற அறைகளிலிருந்து தள்ளி வைப்பது உத்தமம்.

மூன்றாவது பாவனை ஆபரேஷன் தியேட்டர். அளவு, விளக்கு, கை கழுவும் தொட்டி எல்லாம் அசல் தியேட்டர் போலவே இருக்க வேண்டும். மேஜையில் மட்டும் மனிதருக்குப் பதில் பொம்மை. பக்கத்து அறையில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் இருப்பார். திடீரென்று பொம்மையின் இரத்த அழுத்தத்தை இறக்குவார். உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே சமாளிக்க வேண்டும். எல்லாம் வீடியோவில் பதிவாகும்.

பொருள் அறையை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2014-ல் அமெரிக்காவில், பயிற்சிக்கென்று செய்த உப்புநீர்ப் பைகள் தவறிப்போய் நிஜ நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. பலருக்குக் காய்ச்சலும் குளிரும் கண்டது. ஆகவே பயிற்சிப் பொருளுக்குத் தனிப் பூட்டு, தனிச் சீட்டு கட்டாயம். நம் கரிசல் மண்ணில் இன்னொரு கவலையும் உண்டு. தூசி கேமராவைக் கெடுக்கும், வெயிலும் சூடும் ரப்பர் தோலை வெடிக்க வைக்கும். மேற்கு வெயில் படாத அறை, கதவுள்ள அலமாரி, வாசலில் இரட்டைக் கதவு இருந்தால் நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமான அறை

என்னைக் கேட்டால் அது பேசும் அறை! அங்கே இயந்திரமே வேண்டாம். வட்டமாக நாற்காலிகள், வீடியோ பார்க்க ஒரு திரை, சாத்திய கதவு. ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை கூடாது. "இந்த இடத்துல எனக்குக் கை நடுங்குச்சு சார்" என்று மாணவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பை மறைத்தவன் மறுபடி அதையே செய்வான். பொம்மையிடம் செய்த தப்பு அங்கே பேசித் தீர்ந்தால்தான் மனிதரிடம் வராது. பணம் குறைவாக இருந்தால் விலை உயர்ந்த பொம்மையைக்கூடத் தள்ளிப்போடலாம். பேசும் அறையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எத்தனை பழகினாலும் ஒருநாள் முதல் மனிதர் மேல் கத்தி வைத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு அனுபவமுள்ள மருத்துவர் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

அதனால்தான் அந்த அம்மாவிடம், "ஆபரேஷன் செய்யப்போறவரு யாரு, பெரிய டாக்டர் கூட நிப்பாரான்னு கேளுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேக்குறது உங்க உரிமை" என்று சொல்லி அனுப்பினேன். கேட்டாராம். பெரிய டாக்டரே நின்று நிதானமாக விளக்கினாராம். போன வாரம் தழும்பைக் காட்ட வந்தார். நாலு சின்னப் புள்ளிகள், சுத்தமாக ஆறியிருந்தன.

நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.