சப்அரக்னாய்டு குருதிக்கசிவில் குருதி-மூளைத் தடுப்பைக் காக்கும் மருந்துகள்

சப்அரக்னாய்டு குருதிக்கசிவு என்பது மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளுக்கு இடையே, மூளைத் தண்டுவடப் பாய்மம் நிறைந்த இடைவெளியில் குருதி கசிவதாகும். தலைக்காயம் அல்லாத நிலைகளில், தமனிச் சுவரிலுள்ள அனியூரிசம் எனப்படும் குமிழ் போன்ற புடைப்பு வெடிப்பதே இதன் முதன்மைக் காரணம். திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலி இதன் முக்கிய அறிகுறி. வெடித்த இடத்தை அடைத்த பின்னரும் பலர் முழுமையாக மீள்வதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று குருதி-மூளைத் தடுப்பு சிதைவதாகும்.

தடுப்பும் அதன் சிதைவும்

மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர் உயிரணுக்கள் இறுக்கமாகப் பிணைந்துள்ளன. அவற்றைச் சுற்றி அடிமென்சவ்வும் ஆஸ்ட்ரோசைட்டு உயிரணுக்களின் பாதங்களும் அமைந்துள்ளன. இவ்வமைப்பே குருதியிலுள்ள புரதங்களும் பல நச்சுகளும் மூளைக்குள் புகாமல் தடுக்கிறது. (பயனுள்ள மருந்துகள் பலவற்றையும் இதே தடுப்பு உள்ளே விடுவதில்லை.)

குருதி கசிந்தவுடன் மண்டையோட்டினுள் அழுத்தம் உயர்ந்து, மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைகிறது. சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிப்படும் ஈமோகுளோபினும் இரும்பும் அழற்சியைத் தூண்டுகின்றன. அப்போது மிகுதியாக வெளிப்படும் எம்.எம்.பி-9 என்னும் நொதி, அடிமென்சவ்விலுள்ள நான்காம் வகைக் கொலாசனை வெட்டுகிறது. தடுப்பு தளர்வதால் அல்புமினும் நீரும் கசிந்து மூளை வீங்குகிறது. முதல் 72 மணி நேரத்தில் நிகழும் இத்தகைய சேதங்கள் முன்கட்ட மூளைச் சேதம் எனப்படுகின்றன.

மருந்துகள்

விலங்கு ஆய்வுகளில் இக்கசிவை அளக்க இவான்சு நீலம் என்னும் சாயம் பயன்படுகிறது. இது குருதியில் அல்புமினுடன் பிணைவதால் நலமான மூளைக்குள் நுழையாது. மூளையில் நீலம் படிந்திருந்தால் தடுப்பு உடைந்துள்ளது எனப் பொருள். எலிகளில் மினோசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி எம்.எம்.பி-9 நொதியை அடக்கி மூளை வீக்கத்தைக் குறைத்தது. எனினும் இந்நோக்கத்திற்காக அது மனிதருக்கு வழக்கமாக அளிக்கப்படுவதில்லை.

மனிதரில் பயன் உறுதியான மருந்து நிமோடிபின் ஆகும். கொழுப்பில் கரையும் தன்மையால் இது தடுப்பைக் கடந்து செல்கிறது. 1989 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 554 நோயாளிகள் பங்கேற்றனர். போலி மருந்து பெற்றோரில் 33 விழுக்காட்டினருக்கு மூளைத் திசு இறப்பு ஏற்பட, நிமோடிபின் பெற்றோரில் அது 22 விழுக்காடாக இருந்தது. இது தமனிச் சுருக்கத்தைத் தடுக்கும் என்றே முதலில் கருதப்பட்டது; ஆனால் படப்பதிவுகளில் தெரியும் சுருக்கத்தை இது பெரிதாகக் குறைப்பதில்லை. நரம்பணுக்களுக்குள் கால்சியம் மிகுவதைத் தடுப்பதால் பயன் விளைகிறது என்பது ஒரு விளக்கம்.

கிளாசோசென்டான் இதற்கு நேர்மாறானது. தமனிச் சுருக்கத்தை இது தெளிவாகக் குறைத்தது. ஆயினும் 2011 இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகளின் இறுதி நிலை மேம்படவில்லை. சப்பானில் 2022 இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

நிமோடிபின் 4 மணி நேரத்திற்கு ஒருமுறை 60 மில்லிகிராம் என்ற அளவில் 21 நாட்கள் வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது. குருதி அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் அளவு குறைக்கப்படும்.